பதினான்கு விநாடிகள்

காலை ஐந்து பத்துக்கு எழுந்திருக்கிறேன். மோட்டாரைப் போடுகிறேன். மேல்தொட்டி நிரம்ப இருபது நிமிடம் ஆகும். அதற்குள் பல் துலக்கி, பால் காய்ச்சி, இரண்டு முட்டையை அவிய வைக்கிறேன். முட்டை அவியும்போது போனில் அந்தப் பதினான்கு விநாடியைக் கேட்கிறேன். ஒரு தடவைதான். பிறகு முட்டையை உரித்து உப்பு தொட்டுச் சாப்பிடுகிறேன். மோட்டாரை நிறுத்துகிறேன். ஆறு இருபதுக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வரும். பாளையங்கோட்டையிலிருந்து பணகுடிக்கு ஒரு மணி நேரம். அங்கே காற்றாலைகளைப் பராமரிக்கிற கம்பெனியில் நான் பொறியாளர். ஒரு நாளைக்கு இரண்டு கோபுரம் ஏறுவேன். மேலே போனால் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

ஹெப்சி இறந்து பதினொரு மாதம் ஆகிறது. கல்யாணமாகி நான்கு வருடம். பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்தாள். எங்கள் சபையின் கோயிலில் பாடகர் குழுவை நடத்தினாள். ஒரு டிசம்பர் சனிக்கிழமை காலையில் கோயிலிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது தண்ணீர் லாரி மோதியது. எட்டு இருபதுக்கு. எட்டரைக்கு எனக்குப் போன் வந்தது.

அவள் போன் நொறுங்கிப்போயிருந்தது. என் போனில் மட்டும் ஒரு வரி வந்து நின்றிருந்தது. 'ஹெப்சி. குரல் செய்தி. 14 விநாடி. 8.04. ஏற்றப்படவில்லை.' தொட்டால் ஒன்றும் ஓடாது. சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. நான்கு வாரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தின இரவு எங்களுக்குள் தொடங்கிய சண்டை அன்று காலையும் தொடர்ந்தது. எனக்குப் புனேவுக்கு மாற்றல் வந்திருந்தது. பெரிய பதவி. அவள் வர மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்தைச் சொன்னாள், அம்மாவைச் சொன்னாள், கடைசியில் குழுவைச் சொன்னாள். அவள் ஆல்ட்டோ பாடுவாள். நான்கு குரலில் அது இரண்டாவது. மேலே சோப்ரானோ பாட்டின் மெட்டைப் பாடும். அடியில் டெனரும் பேஸும் ஆண்கள். ஆல்ட்டோ நடுவில் எங்கேயோ கிடக்கும். நான் சொன்னேன், "ஆல்ட்டோ இல்லன்னா யாருக்குத் தெரியப்போகுது ஹெப்சி?"

அவள் பதில் சொல்லவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகவே அந்தச் சாம்பல் கோட்டுக்குள் அவள் பதில் இருந்தது.

நானும் அவளும் 'பேழை' என்ற ஆப்பைத்தான் வைத்திருந்தோம். பாட்டு, குரல் செய்தி, குழுவின் பயிற்சிப் பதிவுகள் எல்லாம் அதில் ஒரே நூலகமாகக் கிடந்தன. அது ஒரு குப்பைமேடு. ஒரே பாட்டு ஒன்பது இடத்தில் இருக்கும். பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நான்காவது வாரம் பேழை ஒரு அறிவிப்பைக் காட்டியது. 'உங்கள் நூலகத்தில் இரட்டைப் பதிவுகள் 1904. காணாமல்போன பதிவுகள் 311. சீர்செய்யவா?'

காணாமல்போன என்ற சொல்லை மட்டும்தான் பார்த்தேன். 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

மறுநாள் காலை சாம்பல் கோடு நீலமாகியிருந்தது. தொட்டேன். ஓடியது.

"செல்வின், எனக்குக் கோபம்லாம் இல்லப்பா. நீ சொன்னத யோசிச்சிட்டுத்தான் இருக்கேன். சாயந்திரம் உக்காந்து பேசுவோம். மேசை மேல இட்லி வச்சிருக்கேன், சாப்ட்டுப் போ. என்ன?"

அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சோறு இறங்கியது. அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஹெப்சியின் அம்மாவுக்கும் தங்கைக்கும் போட்டுக் காட்டினேன். நாற்பதாம் நாள் ஜெபத்தில் பாஸ்டர் கேட்டார் என்று அங்கேயும் போட்டேன். எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. புனே மாற்றலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பெர்சிஸ் வீட்டுக்கு வந்தாள். ஹெப்சியின் தங்கை. அக்கா விட்ட இடத்தில் இப்போது அவள்தான் ஆல்ட்டோக்களை வைத்துப் பழக்குகிறாள். கையில் பாட்டுத் தாள்.

"கோயிலுக்கு வரலியே அத்தான்."

"எந்திரிக்க நேரமாயிட்டு."

"நல்லா எந்திரிச்சீங்க. வெள்ளச் சட்ட காயப் போட்டிருக்கு. துவைக்க நேரம் இருந்துருக்கு." அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்கு அக்காவுக்க புதுப் பாட்டத்தான் எடுத்திருக்கோம். போன வருசம் பாடாம விட்டுது. பேழையில அவ நாலு குரலுக்கும் பாடி வச்சிருக்காள்ல, அத வச்சுப் பழகுதோம். அதுல ஒரு பிரச்சின."

"என்ன?"

"மொதல்ல பேஸ். எட்வின் அண்ணன் கேட்டுட்டு பயந்து எனக்குப் போன் போட்டாரு. 'உங்க அக்கா ஆம்பளக் குரல்ல பாடுதா தாயி, நான் வீட்ல தனியா இருக்கேன்'ங்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினொரு மாதத்தில் அது இரண்டாவதோ மூன்றாவதோ. ஹெப்சி பேஸ் பாடிக் காட்டும்போது தன் குரலிலேயே ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடுவாள். ஆண்கள் அதைக் கேட்டு இறக்கிக்கொள்வார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். பேழைக்கு அந்த வழக்கம் தெரியாது. 'பேஸ்' என்று பெயர், பெண் குரல். தப்பு என்று நினைத்துத் திருத்தியிருக்கிறது.

"அத விடுங்க. ஆம்பளைங்க எப்படியும் தப்பாத்தான் பாடப்போறாங்க. ஆல்ட்டோவக் கேளுங்க." போனை மேசையில் வைத்து ஓடவிட்டாள்.

ஹெப்சியின் குரல். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்சிஸ் தாளை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். தாளில் ஹெப்சியின் கையெழுத்தில் ஸ்வர எழுத்துகள்.

"இந்தா, மூணாவது வரி. இங்க ஆல்ட்டோ நிக்கணும். ஒரே ஸ்வரம், எட்டு எண்ணிக்கை. மத்த மூணு குரலும் நகரும், நாங்க மட்டும் அசையக் கூடாது. அக்கா எழுதுனதுலயே அதான் அழகு. இப்பக் கேளுங்க."

கேட்டேன். குரல் நிற்கவில்லை. சோப்ரானோவுக்குக் கீழே அதன் நிழல் மாதிரி நடந்துகொண்டே போனது.

"அவ எழுதுனத அவளே மாத்திப் பாடிருக்கலாமே."

"மாத்துவாளா? இந்த எட்டு எண்ணிக்கைக்காக எங்கள வெயில்ல நிக்க வச்சுப் பாட வச்சிருக்கா. அதும் போக, இதுல ஒரு தப்பு கூட இல்ல அத்தான். 'ச்சீ, மறுபடி'ன்னு ஒரு வார்த்த இல்ல. அக்கா எப்ப ஒரே மூச்சுல பாடிருக்கா?"

மடிக்கணினியைத் திறந்தேன். பேழையில் அந்தப் பாட்டின் கோப்புறை. நான்கு கோப்பு மட்டும். ஹெப்சி ஒவ்வொரு குரலையும் ஏழெட்டு முறை பதிவுசெய்வாள் என்று எனக்குத் தெரியும். சமையலறையில் நின்று பதிவுசெய்வாள். குக்கர் விசில் அடித்தால் என்னைத் திட்டுவாள். இருபது கோப்பாவது இருந்திருக்கும். ஒரே பாடகி, ஒரே வரிகள், ஒரே நீளம். பேழை அவற்றை இரட்டைப் பதிவு என்று எடுத்துக்கொண்டு, குரலுக்கு ஒன்றை மட்டும் வைத்திருந்தது.

ஆல்ட்டோ கோப்பின் விவரப் பக்கத்தைத் திறந்தேன். கீழே, மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. 'மூலம்: இல்லை. வகை: நிரப்பியது.'

"நிரப்பியதுன்னா?" என்றாள் பெர்சிஸ்.

"ஆல்ட்டோவுக்கு அவ பேர் மட்டும் போட்டு வச்சிருக்கா. பதிவு ஏறல. அத இதுவே பாடி வச்சிருக்கு."

"இதுவேன்னா? மெஷினா?"

என் கை இன்னொரு பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தது. குரல் செய்திகள். டிசம்பர். 8.04.

மூலம்: இல்லை. வகை: நிரப்பியது.

பெர்சிஸ் அதைப் படித்தாள். அவளுக்கு அந்தத் தேதி தெரியும். தாளை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"டீ போடட்டா அத்தான்?"

"பால் இல்ல."

"சரி."

அவள் போன பிறகு நான் யோசித்தது இட்லியைப் பற்றி. அன்று காலை மேசைமேல் இட்லி இருக்கவில்லை. எதுவுமே இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தண்ணீர் குடிக்க அந்த மேசையருகில்தான் நின்றேன். அது வெறும் மேசை. செய்தியைக் கேட்ட முதல் நாளே எனக்கு அது தெரியும். வைக்க நினைத்து மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்த இடம் வரும்போது முட்டை வெந்துவிட்டதா என்று பார்ப்பேன்.

மறுநாள் மதியம் பணகுடியில் ஒரு கோபுரத்தின் அடியில் உட்கார்ந்து பேழையின் உதவி எண்ணுக்குப் பேசினேன். மாளவிகா என்று ஒரு பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க சார்."

கோப்பின் எண்ணைச் சொன்னேன். "இது மீட்டதா, செஞ்சதா?"

தட்டச்சுச் சத்தம். "நிரப்பினது சார். அந்தப் பதிவு எங்க சர்வருக்கு வரவே இல்ல. யார் அனுப்பினாங்க, யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நீளம், இது மட்டும்தான் வந்தது."

"அத வச்சு எப்படிச் செஞ்சீங்க?"

"அவங்க உங்களுக்கு அனுப்பின மத்த செய்திகள் இருக்கு இல்லையா. அறுநூத்தி பன்னெண்டு. அதையெல்லாம் படிக்கும் சார். சண்டைக்கப்புறம் என்ன அனுப்புவாங்க, காலையில அனுப்பினா என்ன சொல்லுவாங்க, பதினாலு விநாடியில எத்தனை வார்த்தை பேசுவாங்க. எல்லாத்தையும் வச்சு நிரப்பும். நீங்க சீர்செய் அழுத்தும்போது நிபந்தனையில இது இருந்தது சார்."

"நான் படிக்கல."

"யாரும் படிக்க மாட்டாங்க சார்."

"சண்டை போட்டோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"முந்தின நாள் ராத்திரி நீங்க அவங்களுக்கு மூணு செய்தி அனுப்பியிருக்கீங்க. பக்கத்து ரூம்லருந்து."

ஆமாம். அனுப்பியிருந்தேன்.

"சார், இந்தக் கோப்புக்குப் பொருத்தம் தொண்ணூத்தியொரு சதவீதம். இது ரொம்ப அதிகம். அதாவது, அவங்க கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருப்பாங்க."

"மீதி ஒன்பது?"

அவளுக்குப் பின்னால் வேறு பலர் யாருக்கோ இதையே விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீக்கின இரட்டைப் பதிவெல்லாம்?"

"தொண்ணூறு நாள் வச்சிருப்போம் சார். அது முடிஞ்சிருச்சு." சற்றுக் குரலைத் தணித்தாள். "சார், இது ரெக்கார்ட் ஆகும், இருந்தாலும் சொல்றேன். எங்கப்பா போனப்புறம் என்னோட பேழையில நான் நிரப்புறதை நிறுத்தி வச்சிருக்கேன். உங்க அமைப்புகள்ல கடைசிப் பக்கத்துல இருக்கு. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

வேண்டாம் என்றேன். அன்று இரண்டாவது கோபுரம் ஏறவில்லை. தலை சுற்றுகிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை முட்டை மட்டும் அவித்தேன். போனைத் தொடவில்லை. முட்டையை உரித்து அப்படியே வைத்துவிட்டு வேனுக்குப் போனேன்.

அத்தையிடம், ஹெப்சியின் அம்மாவிடம், சொல்ல வேண்டும். அவர்களும் தினமும் அதைக் கேட்கிறார்கள் என்று பெர்சிஸ் ஒருமுறை சொல்லியிருந்தாள். எனக்கும் அத்தைக்கும் பெர்சிஸுக்கும் ஒரே நூலகம். நான் அழித்தால் அங்கேயும் அழியும். புதன்கிழமை சாயங்காலம் சமாதானபுரத்துக்குப் போனேன். அத்தை பின்கட்டில் சாளை மீன் அலசிக்கொண்டிருந்தார்கள். பெர்சிஸ் வாசற்படியில் நின்றாள். அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"வாங்க மாப்ள. கை நாத்தம், கிட்ட வராதீங்க."

நின்றபடியே சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அந்தச் செய்தி ஹெப்சி பேசியதில்லை. மெஷின் செய்தது. எனக்குத் தெரியாது.

அத்தை மீனைத் திருப்பி மறுபக்கம் செதிலைச் சுரண்டினார்கள்.

"எனக்குத் தெரியும் மாப்ள."

"பெர்சிஸ் சொன்னாளா?"

"அவ என்னத்தச் சொன்னா. நீங்க மொத நாள் போட்டுக் காட்டுனீங்கள்ல, அன்னைக்கே தெரியும். ஹெப்சிக்குக் கோவம் வந்தா ரெண்டு நாளு. சின்னதுலருந்தே அப்படித்தான். அவ அப்பா ஒருக்கா பள்ளிக்கூடத்துல வச்சு வஞ்சுட்டாருன்னு ரெண்டு நாள் அவரு மொகத்தப் பாக்கல. மூணாம் நாளு தானா வந்து மடியில உக்காந்துச்சு. ஒரு மணி நேரத்துல கோவம்லாம் இல்லன்னு சொல்லுதுன்னா, அது எம்பிள்ள இல்ல."

"அப்ப ஏன் அத்தை சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீங்க அத வச்சுத்தான எந்திரிச்சு உக்காந்தீங்க. அதுக்கு முந்தி ஒரு மாசம் கெடந்த கெடை எனக்குத் தெரியாதா."

"நீங்களும் தினமும் கேக்கீங்கன்னு..."

"பொய்யின்னாலும் அவ சத்தம் மாதிரித்தான இருக்கு." மீனைச் சட்டியில் போட்டார்கள். "அழிக்கணும்னா அழிங்க. எனக்கு அவ பாட்டு இருக்கு. இருந்து சாப்ட்டுப் போங்க."

சாப்பிட்டேன். சாப்பிடும்போதுதான் அது புரிந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு செய்திகள். அவை எல்லாமே கோபம் ஆறிய பிறகு அனுப்பியவை. கோபமாக இருக்கும் அந்த இரண்டு நாளும் ஹெப்சி எனக்கு எதுவும் அனுப்ப மாட்டாள். அந்த நாட்கள் நூலகத்தில் இல்லை. இல்லாததை எதை வைத்துப் படிக்கும்? மெஷினுக்குத் தெரிந்த ஹெப்சிக்குக் கோபமே வராது. பத்து மாதமாக அவளோடுதான் நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

ஆனால் அன்று காலை 8.04-க்கு, கோபத்தின் நடுவில், அவள் எனக்கு ஒன்று அனுப்பியிருக்கிறாள். அப்படி ஒரு செய்திகூட அதற்கு முன் வந்ததில்லை. அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

பெர்சிஸ் குழம்பு ஊற்றும்போது கேட்டாள், "அன்னைக்கு அக்கா ஆல்ட்டோ பதியத்தான கோயிலுக்குப் போனா? எதுல பதிஞ்சா? போன்லயா?"

"போன்ல இல்ல. குழுவுக்க ரெக்கார்டர். போன்ல மேல் ஸ்வரம் ஒடையுதுன்னு சொல்லுவா. ரெக்கார்டர்ல பதிஞ்சு, வீட்டுக்கு வந்து ஏத்துவா."

"அன்னைக்கு அவ வீட்டுக்கு வரல."

அகப்பையைச் சட்டியில் வைத்தாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அத்தை எங்கள் தட்டுகளை மூடி வைத்தார்கள்.

கோயில்குட்டியார் ஆசீர்வாதம் அண்ணன் கோயில் வளாகத்திலேயே குடியிருக்கிறார். மணி அடிப்பதும் பெருக்குவதும் சாவி வைத்திருப்பதும் அவர் வேலை. எங்களைக் கண்டதும் பனியனுக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ரெக்கார்டரா? அலமாரில இருக்கே. அன்னைக்கு பிள்ள போன பொறகு சன்னல் திண்டுல செவப்பு லைட்டு எரிஞ்சுகிட்டே கெடந்துது. நாந்தான் அமத்தி எடுத்து வச்சேன்."

"இவ்வளவு நாளா ஏன் சொல்லலண்ணே?" என்றாள் பெர்சிஸ்.

"யாரு கேட்டா? கேட்டாத் தந்திருப்பேன்ல. போன கமிட்டியில ஒரு மைக் காணாமப் போச்சுன்னு என்னைய என்ன பாடு படுத்தினாங்க. அதுலருந்து எதையும் யாருகிட்டயும் கேக்காமக் குடுக்கதில்ல."

கோயிலைத் திறந்து, பாடகர் அறை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையளவு சாதனம். பேட்டரி செத்திருந்தது. கார்டு உள்ளே இருந்தது.

நான் கேட்டேன், "அன்னைக்கு உங்ககிட்ட ஏதாவது பேசினாளாண்ணே?"

அவர் யோசித்தார். "இல்ல தம்பி. நான் பெருக்கிகிட்டு இருந்தேன். பாடி முடிச்சா, போன் எடுத்து என்னவோ பேசினா, பையத் தூக்கிட்டுப் போயிட்டா. என்னையப் பாத்து தலைய மட்டும் ஆட்டுனா. மொகம் சரியில்ல. நானும் ஒண்ணும் கேக்கல."

போன் எடுத்து என்னவோ பேசினாள். பெர்சிஸ் என்னைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது என்று அவர் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்து கார்டை மடிக்கணினியில் செருகினேன். ஒரே கோப்பு. ஐம்பத்திரண்டு நிமிடம். நான் திறப்பதற்குள் பேழை அதைத் தானே எடுத்துக்கொண்டது. புதிய பதிவு வந்தால் அது காத்திருக்காது. திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. பெர்சிஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

முதல் அறிவிப்பு வந்தது. 'ஆல்ட்டோ. ஏற்கெனவே ஒரு பதிவு உள்ளது. தரம் 96. புதியதன் தரம் 58. புதியதை நீக்கவா?'

"அய்யய்யோ, வேண்டாம்னு அழுத்துங்க."

வேண்டாம் என்று அழுத்தினேன். பழையதை நீக்கினேன். புதியதை ஓடவிட்டேன். தொண்டையைச் செருமும் சத்தம், மின்விசிறி, எங்கோ ஒரு ஆட்டோ. பிறகு ஹெப்சி. முதல் வரியில் தப்பு. "ச்சீ." மறுபடி. மூன்றாவது வரியில் அவள் நின்றாள். ஒரே ஸ்வரம். பெர்சிஸ் விரல்விட்டு எண்ணினாள். எட்டாவது எண்ணிக்கை வரை குரல் அசையவில்லை. பெர்சிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதான், இதான்" என்றாள்.

அதற்குள் இரண்டாவது அறிவிப்பு வந்துவிட்டது.

'குரல் செய்தி, 8.04, 14 விநாடி. இதே நேரத்துக்குரிய ஒரு பேச்சு புதிய பதிவில் உள்ளது. ஏற்கெனவே உள்ளதன் தரம் 97. புதியது தூரத்திலிருந்து பதிவானது, இரைச்சல் அதிகம், தரம் 31. இரண்டில் ஒன்றை மட்டும் வைக்க முடியும். உயர்ந்த தரத்தை வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறோம்.'

கீழே இரண்டு பொத்தான். பரிந்துரைத்தது நீல நிறத்தில் இருந்தது.

பெர்சிஸ் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, "மொதல்ல அதக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க அத்தான்" என்றாள்.

"கேட்டா என்னால பழையத அழிக்க முடியாமப் போயிரும்."

"திட்டியிருந்தா?"

"திட்டியிருந்தா அவதான் திட்டுதா."

"போதும் போல இருக்குன்னு... வேற எதாவது சொல்லியிருந்தா? நான் வரல, நீ மட்டும் போன்னு சொல்லியிருந்தா?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து மாதமாகத் தினமும் காலையில் ஒரு பெண் என்னை மன்னித்தாள். அவளை அழித்துவிட்டால் பிறகு யாரும் மன்னிக்கப்போவதில்லை. அந்த ஒன்பது சதவீதத்துக்குள் என்னவும் இருக்கலாம்.

'ஆல்ட்டோ இல்லன்னா யாருக்குத் தெரியப்போகுது' என்று நான் கேட்டதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெர்சிஸிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி, "அக்கா அன்னைக்கு மொத வரியிலயே தப்பு விட்டா, பாத்தீங்களா. அவ மொத வரியில விடமாட்டா" என்றாள்.

பழையதை நீக்கினேன். பேழை கேட்டது: 'நிச்சயமாகவா? இதைத் திரும்பப் பெற முடியாது.' ஆம் என்றேன். பிறகு அமைப்புகளில் கடைசிப் பக்கத்துக்குப் போய், நிரப்புவதை நிறுத்தினேன். நூலகத்தில் முன்னூறு இடம் சாம்பல் நிறமாக மாறியது. ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே. எனக்குப் பிடித்திருந்த சில பாட்டுகளும் அதில் போயின. அவள் பாடியவை என்று நினைத்துக்கொண்டிருந்தவை.

"நான் வெளிய நிக்கட்டா?" என்றாள் பெர்சிஸ்.

"இரு."

ஓடவிட்டேன்.

மின்விசிறி. விளக்குமாறு தரையில் இழுபடும் சத்தம். அது ஆசீர்வாதம் அண்ணன். போன் பொத்தானை அழுத்தும் சின்ன ஒலி. பிறகு, தூரத்தில், பாட்டு பாடிக் கொஞ்சம் கம்மிய குரலில், "செல்வின்" என்றாள்.

நிறுத்தினாள். விளக்குமாறு மூன்று முறை இழுபட்டது. அவள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. பாடத் தொடங்கும்போது இழுப்பாளே, அதே மாதிரி. "நீ காலைல சொன்னது..." என்றாள். மறுபடி நிறுத்தினாள். ஒரு ஸ்கூட்டர் கோயிலைத் தாண்டிப் போயிற்று. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து. பதினொன்று.

"இல்ல. இதுல வேண்டாம். வீட்டுக்கு வந்து சொல்லுதேன்."